பல் விழுந்த வீடு

எனக்குச் செல்வி மேல் எந்த வருத்தமும் இல்லை என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடும் போட்டுவிட்டு, கோகிலவாணி பேனாவை மூடி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட தட்டு மேஜை மேலேயே காய்ந்துகொண்டிருந்தது. கீழே வீட்டுக்காரர்கள் டிவியில் ஏதோ பாட்டுப் போட்டி. பாட்டு கேட்கவில்லை, கைதட்டல் மட்டும் மாடி வரைக்கும் ஏறி வந்தது. எழுதினதை ஒருதரம் படித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்துகூடக் குண்டு குண்டாக, பரீட்சைப் பேப்பர் மாதிரி. யார் படித்தாலும் எவ்வளவு பெரிய மனசு என்று சொல்வார்கள். யார் படிப்பார்கள்? அங்கேதான் உறுத்தியது. யாரும் படிக்க மாட்டாங்க, அதை முதல்ல நீங்க நம்பணும் என்றுதான் ரெஜினா மேடம் சொல்லியிருந்தார். விவாகரத்துக் கேஸ் நடந்தபோது கோர்ட்டில் கவுன்சிலிங் கொடுத்தவர். கேஸ் முடிந்த பிறகும் மனசு பாரமாக இருந்தால் வாணி அவரைத்தான் தேடிப் போவாள். "நடந்ததை எழுதாதீங்க வாணி. நடந்தது உங்களுக்குத் தெரியுமே. நடக்கும்போது உள்ளுக்குள்ள என்ன ஓடுச்சோ அதை எழுதுங்க. எங்கிட்டக்கூடக் காட்ட வேண்டாம். உங்களை உங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்." அன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஸ்கேன் சென்டருக்கு மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்திருந்த போன வருடத்து டைரி ஒன்று சும்மா கிடந்தது, அதை எடுத்துக்கொண்டு வந்தாள். தேதி ஒன்று, கிழமை ஒன்று என்று எதுவும் பொருந்தாத டைரி. என்னை எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று அப்போது நினைத்தாள். இப்போது எழுதினதைப் பார்த்தால், இதை எழுதினவளை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது, கூடப் பழகின மாதிரி இல்லை.

எழுதுவதே அவள் வேலைதான். டாக்டர் சொல்லச் சொல்ல ஸ்கேன் ரிப்போர்ட் டைப் அடிக்கிறவள். கல்லீரல் அளவு சரி, பித்தப்பையில் கல் இல்லை, சிறுநீரகம் இரண்டும் இயல்பு. எல்லாம் இங்கிலீஷ். நாளெல்லாம் அடுத்தவர் வயிற்றுக்குள் இருப்பதை இங்கிலீஷில் அடித்து அடித்து, தமிழில் ஒரு வரி எழுத உட்கார்ந்தால் விரல் மரத்துப்போகிறது. கோடு போட்ட வரியை அடித்தாள். விவாகரத்துக்குப் பிறகு செல்வியைக் கட்டிக்கொண்ட பூபதி காலையில் போன் பண்ணினதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைத்தாள். "லீவுக்கு ஒரு மாசம் வால்பாறை போலாம்னு இருக்கோம். செல்வியோட அக்கா வீடு எஸ்டேட்ல இருக்குது. மிதுனா வரணும்னு ஆசைப்படறா. சாயங்காலம் கொண்டாந்து விடும்போது சொல்லு." அவ்வளவுதான் பேசினான். கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை. மகளை அவனிடம் விடக் கோர்ட் சொன்னது மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு மட்டும்தான், அதற்கு மேல் போக வேண்டுமானால் இவள் சரி என்று சொல்ல வேண்டும். அவள் யோசித்துச் சொல்றேன் என்று வைத்தாள். யோசிப்பதற்கு என்ன இருக்கிறது, முடியாது என்பது போன் கையில் இருக்கும்போதே முடிவாகிவிட்டது, காரணம்தான் வர வேண்டியிருந்தது. காரணமும் வந்தது. எழுதினாள். மிதுனாவுக்கு வீசிங் இருக்கிறது. மலைக் குளிர் அவளுக்கு ஆகாது. எஸ்டேட்டில் அட்டைக்கடி அதிகம். அவசரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் மலை இறங்கித்தான் வர வேண்டும். எழுத எழுத வேகம் பிடித்தது, எழுத்து சரிந்தது, ஆகவே என்று ஒரு வார்த்தை தானாக வந்து விழுந்தது. ஆகவே. தனக்குத் தானே எழுதுகிற எவளாவது ஆகவே என்று எழுதுவாளா? இது மனு. ஜட்ஜுக்கு எழுதுகிறாள். முதலில் எழுதினது ரெஜினா மேடத்துக்கு, இது ஜட்ஜுக்கு. மூன்றாவதாக எழுதினால் பூபதிக்கு எழுதுவாள். அவளுக்கென்று அவள் எதையும் எழுதிக்கொள்ளத் தெரியாதவளாக இருக்கிறாள்.

எழுந்து தட்டைக் கழுவினாள். கழுவும்போது கொடியில் தொங்கின மிதுனாவின் மஞ்சள் கவுன் கண்ணில் பட்டது. போன தடவை அங்கே போய்விட்டு வந்தபோது போட்டிருந்தது. வந்ததும் வராததுமாகக் கழற்றச் சொல்லி ஊற வைத்துவிட்டாள், அழுக்கே இல்லை, வேறு சோப்பு வாசனை அடித்தது, அவ்வளவுதான். நல்ல வாசனைதான். அதனால்தான் ஊற வைத்தாள். அதற்குப் பிறகு ரெண்டு தடவை துவைத்தாகிவிட்டது, இன்னும் அந்த வாசனை கொஞ்சம் இருக்கிற மாதிரியே இருக்கிறது. மிதுனா முதலில் செல்வியை ஆன்ட்டி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆன்ட்டி என்றால் பரவாயில்லை, கீழ் வீட்டுக்காரியும் ஆன்ட்டி, ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுகிறவளும் ஆன்ட்டி. பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, "செல்விம்மா இதுல வெல்லம் போடுவாங்க," என்றாள். பருப்புக் கரண்டி கையில் நின்றுவிட்டது. செல்விம்மா. செல்வி தமிழ் டீச்சர் அல்லவா, அவள் ஸ்கூலில் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், தமிழம்மா, செல்விம்மா என்று. மிதுனா விளக்கினாள். கேட்காமலே விளக்கினாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அம்மாவிடம் இதை விளக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, அது தனியாக ஒரு வலி. "சரி கண்ணு, நல்லாத்தான இருக்குது, அப்படியே கூப்பிடு," என்று சொல்லிவிட்டு, உப்புப் பார்க்காமல் பரிமாறினாள். அந்த வார்த்தையின் பின்பாதி இத்தனை நாள் ஆகியும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. முழுங்கினாலும் குத்துகிறது, இருமினாலும் குத்துகிறது.

மறுபடி வந்து உட்கார்ந்தாள். பூபதிக்காகவா இந்த எரிச்சல், அதையாவது எழுதிப் பார்த்துவிடலாம். அவன் வேண்டாம் என்று சொன்னது இவள். அவன் அடித்தவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. பேசாதவன். வீட்டுக்குள் வந்தால் சோபாவில் போட்ட தலையணை மாதிரி இருப்பான். தண்ணி வேண்டுமா என்றால் ம், பிள்ளைக்கு ஜுரம் என்றால் ம், நான் செத்துப்போகிறேன் என்றால்கூட ம் என்று சொல்லியிருப்பான். ஒன்பது வருடம் அந்த ம்மோடு குடும்பம் நடத்தினாள். கடைசியில் வக்கீலிடம் போய் நின்றபோது, என்ன குறை என்று வக்கீல் கேட்டதற்கு, அவர் ம் என்று மட்டும்தான் சொல்வார் என்றாள். அம்மா வீட்டில் இன்னமும் கேட்கிறார்கள். அவனை இப்போது திருப்பிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டாள், அது சத்தியம். பிறகு எதற்கு மிதுனா, "அப்பா தோசை சுட்டாங்கம்மா, வட்டமாவே வரலை, நாங்க மூணு பேரும் சிரிச்சு சிரிச்சு," என்று சொன்னபோது இவள் பேச்சை மாற்றி வீட்டுப்பாடத்தைக் கேட்டாள்? தோசை சுட்டானாம். அடுப்பு எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று தெரியாதவன். சிரித்தானாம். அவன் பல் தெரியச் சிரித்து இவள் பார்த்தது கல்யாண ஆல்பத்தில், அதுவும் போட்டோகிராபர் சொன்னதற்காக. அப்படியென்றால் அவனுக்குள் அந்தத் தோசையும் சிரிப்பும் அப்போதே இருந்திருக்கின்றன. இவள் கேட்ட விதத்தில் வரவில்லை, செல்வி கேட்ட விதத்தில் வந்துவிட்டது. அவள் எப்படிக் கேட்டாள்? ஒருவேளை கேட்கவே இல்லையோ? இவள்தான் கேட்டுக் கேட்டு அவன் வாயை அடைத்தாளோ? இல்லை, இல்லை. டைரியில் ஒரு வரியும் எழுதாமல் பேனா முனை ஒரே இடத்தில் நின்று நீலமாக ஊறிக்கொண்டிருந்தது. ஊறின புள்ளியைக் கட்டைவிரலால் தேய்த்தாள். பரவினது.

பல். பல்லை எழுது. மேல் வரிசையில் மிதுனாவுக்கு அந்தப் பல் ஆட ஆரம்பித்த நாளிலிருந்து, காலையில் பல் தேய்க்கும்போது, வேனுக்கு நிற்கும்போது, ஆட்டிப் பாரும்மா, ஆட்டிப் பாரும்மா என்று வாயைத் திறந்து திறந்து காட்டினாள். வாணியும் கையைக் கழுவிவிட்டு விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஈரமான, வெதுவெதுப்பான, சின்ன அரிசி மாதிரி ஒன்று விரலுக்குக் கீழே அசைந்துகொடுக்கும். பிடுங்கவா என்றால் வேண்டாம் வேண்டாம் என்று ஓடுவாள், ஓடிவிட்டுத் திரும்பி வந்து வாயைத் திறப்பாள். இருவருக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. சனிக்கிழமை அங்கே போனாள். ஞாயிறு சாயங்காலம் ஓட்டை வாயோடு வந்து நின்றாள். கொய்யாப்பழம் கடித்ததில் விழுந்ததாம். ரத்தம் வந்ததும் அழுதாளாம், செல்விம்மா உப்புத் தண்ணியில் கொப்பளிக்க வைத்தார்களாம். கம்மல் டப்பா ஒன்றில் பஞ்சு வைத்து, அதில் பல்லை வைத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள் செல்வி. போனிலும் ஒரு செய்தி. நீங்க கூட இருந்திருக்கணுங்க்கா, உங்களைத்தான் தேடினா. அதைப் படித்ததும் வாணிக்கு நிம்மதியாக இருந்ததா? இருந்தது. உங்களைத்தான் தேடினா என்கிற பாதியை மட்டும் இரண்டு மூன்று தரம் படித்தாள். அடுத்த நொடியே, என்னைத் தேடினபோது இருந்தது நீ என்று தோன்றியது. அத்தனை நாள் ஆட்டினது நான், விழுந்தது உன் கையில். அந்தப் பஞ்சு, அந்த டப்பா, எல்லாமே நன்றாக, அழகாக, எதிலும் குறை சொல்ல முடியாமல். கொஞ்சம் கெட்டவளாக இருந்து தொலைக்கக்கூடாதா அவள்? பிள்ளையை ஒரு தரம் அதட்டி, ஒரு நாள் பட்டினி போட்டு, காதைத் திருகி அனுப்பியிருந்தால் இவள் எவ்வளவு லேசாக இருந்திருப்பாள். ஐயோ. என்ன நினைக்கிறேன் நான். என் பிள்ளை காதை யாரோ திருகினால் எனக்கு லேசாக இருக்குமா?

பேனா தானாக ஓடினது போல இருந்தது. அவள் என் பிள்ளையை அடித்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். எழுதி முடித்துப் பார்த்ததும் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி திரும்பிப் பார்த்தாள். ஜன்னல், கொடி, கவுன். யாரும் இல்லை. நெற்றியில் வேர்த்திருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தாளைக் கிழித்துவிடலாம் என்று கை போனது, நின்றது. அன்றைக்கு முழுக்க எழுதினதிலேயே இது ஒன்றுதான் யாருக்கும் எழுதாதது. இதை ஜட்ஜிடம் காட்ட முடியாது, ரெஜினா மேடத்திடம்கூடக் காட்ட முடியாது. இதற்குக் கீழே இன்னும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது, பித்தப்பைக்குப் பின்னால் மறைந்திருப்பதைப் பார்க்க டாக்டர் ஆளைப் புரண்டு படுக்கச் சொல்வது போல, புரண்டு படுத்தால் தெரியும். புரள்வதற்குப் பயமாக இருந்தது. பல் விழுந்தது சரி. பல்லோடு நிற்குமா? இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் மிதுனா பெரியவள் ஆவாள். அது எந்தக் கிழமை என்று கேட்டுக்கொண்டா வரும்? சனிக்கிழமை வந்தால்? அந்த வீட்டுப் பாத்ரூமில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருந்து யாரைக் கூப்பிடுவாள்? அம்மா என்றா? செல்விம்மா என்றா? செல்வி கதவைத் தட்டி, ஒண்ணுமில்ல கண்ணு, பயப்படாத என்று எல்லாம் சரியாகச் சொல்லிக் கொடுப்பாள், அவளுக்குத்தான் எல்லாம் சரியாகச் செய்ய வருமே, பிறகு போனில் ஒரு செய்தி வரும், நீங்க கூட இருந்திருக்கணுங்க்கா என்று. வராத போனின் வராத செய்தி கண்ணுக்கு எதிரே எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. ஒரு மாசம் வால்பாறை. முப்பது காலையும் அவள் முகத்தில் விழித்து எழுந்திருப்பாள் மிதுனா. குளிரில் அவளோடு ஒரே கம்பளிக்குள் சுருண்டுகொள்வாள். திரும்பி வரும்போது இங்கே இந்த மாடிப் படி ஏறினதும், ஊருக்கு வந்த பிள்ளை மாதிரி சுற்றும் முற்றும் பார்ப்பாள். அனுப்ப மாட்டேன். வீசிங். வீசிங்தான் காரணம், பொய் இல்லையே, டாக்டர் எழுதின சீட்டே இருக்கிறது. உண்மையை வைத்துக்கொண்டே பொய் சொல்லலாம் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. டைரியில் அதையும் எழுதினாள், சின்ன எழுத்தில், ஓரத்தில்.

கேட் சத்தம் கேட்டது. பூபதியின் பைக் சத்தம் இல்லை, ஸ்கூட்டர். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். செல்வி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள், மிதுனா முன்னால் ஓடி வந்துகொண்டிருந்தாள். டைரியை மூடி மேஜை ஓரத்தில் தள்ளினாள். எப்போதும் கேட்டோடு பூபதி திரும்பிவிடுவான், செல்வி இந்தப் படியில் ஏறியதே இல்லை. இப்போது ஏறி வருகிறாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்ய இருந்த கையை வாணி வீம்பாகக் கீழே இறக்கினாள்.

"வாங்க."

"அவருக்குத் தலைவலிங்க்கா, அதான் நானே கூட்டிட்டு வந்தேன்," என்றாள் செல்வி. வாசலிலேயே நின்றாள். கிட்டத்தில் பார்த்தால் அவளும் களைத்துத்தான் இருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, ஜாக்கெட் கையில் சாக்பீஸ் தூள் மாதிரி ஏதோ வெள்ளை. மிதுனா செருப்பை உதறிவிட்டு உள்ளே தண்ணி குடிக்க ஓடினாள். செல்வி குரலை இறக்கினாள்.

"வால்பாறை விஷயம் அவர் சொன்னாருங்களா? எனக்கு ஒரு பயம், அதான் உங்ககிட்ட நேரா கேட்டுடலாம்னு. பாப்பாவுக்கு அந்த பம்பு மருந்து, அதை நான் ஒரு தடவைகூடக் குடுத்ததில்லைங்க. போன தடவை இருமும்போதே எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. அங்க வெச்சு ஏதாவது ஆச்சுன்னா நான் உங்களுக்கு என்ன பதில் சொல்வேன்? நீங்க வேண்டாம்னு சொன்னா எனக்கு வருத்தமே இல்லைங்க்கா. வீசிங்னு சொன்னா அவரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

தட்டில் வைத்து நீட்டின மாதிரி நீட்டிவிட்டாள். வாணி ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆமாங்க, எனக்கும் அதான் கவலை. சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தலாம், இரண்டு பேருமே நல்லவர்களாகப் பிரிந்துகொள்ளலாம். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மேஜை ஓரத்தில் மூடிக் கிடந்த டைரிக்குள் இருக்கிறவள் என்ன சொல்வாள் என்று நினைத்தாள். அவளுக்கு வீசிங்கைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

"பம்பு குடுக்கறது பெரிய விஷயமில்ல. நான் காட்டித் தரேன், உள்ள வாங்க," என்றாள். "ஆனா ஒரு மாசம் வேண்டாங்க. ஒரு வாரம் கூட்டிட்டுப் போங்க."

"சரிங்க்கா. வீசிங்குக்கு அதுதான்..."

"வீசிங்குக்காக இல்லைங்க." வாணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மாசம் அவ உங்ககூட இருந்தா எனக்குத் தாங்காது. அவ்வளவுதான். நீங்க ஒரு தப்பும் பண்ணல."

செல்வி பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஹெல்மெட் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்கும் அப்படித்தானுங்க்கா என்றோ, நீங்கதான் அவளுக்கு எல்லாம் என்றோ அவள் எதையாவது சொல்லிவிடுவாளோ என்று வாணி பயந்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் வெறுத்திருப்பாள். செல்வி, "பம்பு எங்கிருக்குதுங்க, காட்டுங்க," என்று மட்டும் சொல்லிச் செருப்பைக் கழற்றினாள். வாணி காட்டினாள். குலுக்குவது, குழாயில் பொருத்துவது, மாஸ்க்கை மூக்கோடு அழுத்திப் பிடிப்பது. செல்வி டீச்சர் மாதிரி இல்லாமல் பிள்ளை மாதிரி திருப்பித் திருப்பிச் செய்து பார்த்தாள். மிதுனா இருவருக்கும் நடுவில் நின்று, இழுத்து விடும்மா, மெதுவா, என்று இருவருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தாள். யாரை அம்மா என்றாள் என்று வாணி ஒரு நொடி தேடினாள். தெரியவில்லை. டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு செல்வி இறங்கிப் போனாள்.

ஸ்கூட்டர் சத்தம் தெரு முனையில் கரைந்ததும், ஒரு வாரம் என்பதே அதிகம், மூன்று நாள் என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. பெரிய மனசு ஒன்றும் வந்துவிடவில்லை. அந்த மீன்முள் அங்கேயேதான் இருந்தது. அதற்கு ஒரு பெயர் உண்டு, மத்தியானம் முழுக்க எழுதியும் அந்தப் பெயரை மட்டும் அவள் எழுதவே இல்லை. டைரியை இழுத்துத் திறந்து, அடுத்த பக்கத்தில், நடுவில், அந்த ஒரு வார்த்தையை எழுதினாள். பொராமை. எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிதுனா வந்து தோளில் சாய்ந்தாள். அவள் தலையில் அந்த வீட்டு எண்ணெய் வாசனை.

"என்னம்மா எழுதற?"

வாணி பக்கத்தை மூடவில்லை. "எனக்கு உள்ளுக்குள்ள என்ன இருக்குதுன்னு எழுதறேன், கண்ணு."

மிதுனா எழுத்துக் கூட்டிப் படித்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "இது தப்பும்மா. பொறாமைக்குச் சின்ன ர வராது. பெரிய ற."

"அப்படியா?"

"ஆமா. செல்விம்மாதான் சொல்லிக்குடுத்தாங்க."

சுருக்கென்றது. இப்போது அது எங்கே குத்துகிறது, எவ்வளவு ஆழத்தில் குத்துகிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. பிள்ளையை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துக்கொண்டாள். எழுதின வார்த்தையை அடித்துவிட்டு, அதன் பக்கத்திலேயே, மிதுனா சொல்லச் சொல்ல, பெரிய ற போட்டு மறுபடி எழுதினாள்.